பாலத்தை வைத்து ஒரு பரிசோதனை: ஊர்ப்பெயர் தேட ஓவர்பாஸ் டர்போவும் விக்சனரியும் எவ்வளவு உதவும்?

ஓவர்பாஸ் டர்போ என்ற பெயரைக் கேட்டால் ஏதோ வண்டி உதிரிபாகம் மாதிரி இருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச உலக வரைபடத்துக்குள் புகுந்து, நமக்கு வேண்டியதை மட்டும் வடிகட்டி எடுக்கிற இணையக் கருவி அது. எனக்கு ஊர்ப்பெயர், குடும்பப்பெயர் இதிலெல்லாம் கொஞ்சம் கிறுக்கு உண்டு. அதனால் பெயருக்கு மூலம் சொல்கிறேன், பெயரைத் தேடித் தருகிறேன் என்று எந்தச் சேவை வந்தாலும் ஒரே பரீட்சைதான் வைப்பேன்: பாலம்.

ஏன் பாலம் என்றால், பெரும்பாலான மொழிகளில் பாலத்தின் பெயரில் ஊர் இருக்கிறது, அந்த ஊரின் பெயரிலோ அந்தப் பாலத்தின் பெயரிலோ ஆட்களும் இருக்கிறார்கள். ஆற்றைக் கடக்க ஓர் இடம் இருந்தால் சுங்கம் வசூலிக்க ஆள் வருவான், சந்தை கூடும், சத்திரம் வரும், காவலுக்கு ஒரு கோட்டை வரும், அப்புறம் ஊர். அதோடு, பாலம் மாதிரியே ஒலிக்கிற, ஆனால் பாலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற பெயர்களும் ஏகப்பட்டது உண்டு. ஒரு கருவி விஷயம் தெரிந்து பேசுகிறதா, எழுத்தைப் பார்த்துக் கதை அளக்கிறதா என்பது இதில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

முதலில் ஓவர்பாஸ் டர்போ. கணக்குத் தொடங்க வேண்டாம், காசு கிடையாது, விளம்பரத் தொல்லை கிடையாது. பக்கத்தைத் திறந்தால் ஒரு பக்கம் கட்டளை எழுதும் பெட்டி, இன்னொரு பக்கம் வரைபடம். கட்டளை மொழி பார்க்கக் கரடுமுரடாக இருக்கும், அதைக் கண்டு மிரண்டு மூடிவிட வேண்டாம். மேலே ‘விசார்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எந்த வகை ஊர், பெயரில் என்ன எழுத்துகள் வர வேண்டும், எந்த நாட்டுக்குள் தேட வேண்டும் என்று அதில் ஒரே வரியில் கொடுத்தால் போதும், கட்டளையை அதுவே எழுதிக்கொள்ளும். ஓட்டினால் வரைபடத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் விழும். ஒரு வட்டத்தைத் தொட்டால் அந்த ஊருக்குப் பதிந்திருக்கிற குறிச்சொற்கள் எல்லாம் வரிசையாக வரும்: உள்ளூர்ப் பெயர், பிற மொழிகளில் பெயர், சில ஊர்களுக்குப் பழைய பெயர், மக்கள்தொகை, விக்கித்தரவு எண். 2004இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிவைத்து, அதற்குப் பிறகு உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் கைப்படச் சேர்த்த தரவு இது. ஒரு குக்கிராமத்துக்கு ஆறு மொழியில் பெயர் இருக்கும், பக்கத்து நகரத்துக்கு ஒன்றுதான் இருக்கும். யாருக்கு எதில் ஆர்வமோ அது அங்கே நிறைந்திருக்கும், அவ்வளவுதான்.

உலகம் முழுவதையும் ஒரே கட்டளையில் தேடினால் நேரம் முடிந்துவிட்டது என்று கையை விரித்துவிடும், அல்லது தரவு நிறைய வருகிறது, உலாவி திணறும், பரவாயில்லையா என்று கேட்கும். பரவாயில்லை என்று அழுத்திவிட்டுப் பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் காத்தாடி மாதிரி விசிறி சுற்றும். நாடு நாடாகப் போவதுதான் புத்திசாலித்தனம்.

எழுத்து விஷயத்தில் இந்தக் கருவி கறார். சிறிய எழுத்து பெரிய எழுத்து வித்தியாசத்தைப் பார்க்காதே என்று சொன்னால் கேட்டுக்கொள்ளும், ஆனால் எழுத்தின் தலையில் இருக்கும் புள்ளியை விட்டுக்கொடுக்காது. ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக், ஸ்வைப்ரூக்கன் இரண்டிலும் பாலத்தைக் குறிக்கும் ‘ப்ரூக்’கின் உயிரெழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி உண்டு. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் கிடையாது. இன் ஆற்றின் மேல் பாலம் என்பதுதான் இன்ஸ்ப்ரூக். அதே சொல், அதே குடும்பம், ஆனால் புள்ளியோடு தேடினால் இன்ஸ்ப்ரூக் வராது. வியட்நாமியப் பெயர்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஹனோயில் ‘காகிதப் பாலம்’ என்று பொருள்படும் ஒரு பகுதி இருக்கிறது, அந்தப் பெயரில் குறிகளையெல்லாம் விட்டுவிட்டுத் தேடினால் சம்பந்தமில்லாத எதையாவது கொண்டுவந்து கொட்டும். ஜப்பானும் சீனாவும் இதற்கு நேர் எதிர். பாலத்துக்கு அந்தந்த நாட்டில் ஒரே ஒரு சித்திர எழுத்து, அதை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. டோக்கியோவுக்குள்ளேயே நிஹோன்பாஷி, ஷின்பாஷி, ஈதாபாஷி என்று வட்டங்கள் வரிசையாக விழும். ‘ஹாஷி’யும் ‘பாஷி’யும் ஒரே எழுத்துதான், இன்னொரு சொல்லோடு சேரும்போது ஒலி மாறுகிறது, நம் கல் + பாலம் கற்பாலம் ஆகிற மாதிரி. நிஹோன்பாஷியில் முதல் பாலம் 1603இல் போட்டார்கள். ஜப்பானின் சாலைத் தூரங்களுக்கு இன்றும் அதுதான் பூஜ்யப் புள்ளி.

சரி, கருவி எழுத்தைக் கண்டுபிடிக்கும். பொருளைக் கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்காது, அது அதன் வேலையும் இல்லை. ஆனால் இது தெரியாமல் வட்டங்களை எண்ணி “இத்தனை ஊர் பாலத்தின் பெயரில் இருக்கிறது” என்று படம் போட்டுப் பகிர்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘போன்ட்’ என்ற எழுத்துகளைத் தேடினால் நல்ல அறுவடை கிடைக்கும். லத்தீன் மூலம், பிரெஞ்சு, இத்தாலியன், போர்ச்சுகீஸ், கட்டலான், வெல்ஷ் எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே வடிவம். ஸ்பெயினின் வடமேற்கில் போன்தெவேத்ரா, அதாவது பழைய பாலம். அங்கிருந்து கிழக்கே போனால் பொன்ஃபெராதா, இரும்புப் பாலம். இத்தாலியில் போன்தேகோர்வோ வளைந்த பாலம், போன்த்ரெமொலி ஆடுகிற பாலம். இங்கிலாந்தில் போன்டிஃப்ராக்ட், உடைந்த பாலம். பாலம் இருந்தால்தான் பெயர் வரும் என்றில்லை, உடைந்துபோனாலும் வரும் என்பதற்கு அது ஒன்று போதும். வேல்ஸில் போன்டிபிரித், மண்வீட்டுப் பக்கத்துப் பாலம். இதுவரைக்கும் சந்தோஷம். அதே தேடலில் இந்தோனேசியாவின் போன்தியானாக்கும் வரும். அது அங்கே ஒரு பெண் பேயின் பெயர். அமெரிக்காவின் போன்டியாக் ஒடாவா பழங்குடித் தலைவரின் பெயர். கருங்கடல் ஓரத்தில் இருந்த பழைய போன்டஸ் கிரேக்கத்தில் கடல். கடைசி ஆசாமி மட்டும் முழுக்க அந்நியன் இல்லை: லத்தீனின் பாலமும் கிரேக்கத்தின் கடலும் சமஸ்கிருதத்தில் வழியைக் குறிக்கும் ‘பந்தா’வும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்கிறார்கள். ஒருவனுக்கு வழி என்றால் பாலம், இன்னொருவனுக்கு வழி என்றால் கடல்.

ஸ்லாவிய மொழிகளில் ‘மோஸ்த்’. இதைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது பொஸ்னியாவின் மொஸ்தார். ஆனால் மொஸ்தார் நேரடியாகப் பாலத்தின் பெயர் இல்லை, பாலத்தைக் காத்த காவலர்களின் பெயர். 1566இல் முடிந்த அந்த ஒற்றை வளைவுக் கல்பாலம் 1993 நவம்பரில் போரில் குண்டடிபட்டு நெரெத்வா ஆற்றில் விழுந்தது. 2004 ஜூலையில் திரும்பக் கட்டித் திறந்தார்கள். இடையில் பத்தாண்டுக்கு மேல் பாலக்காவலர் ஊரில் அந்தப் பாலம் இல்லை, ஊர்ப்பெயரை யாரும் மாற்றவில்லை. செக் நாட்டில் ‘மோஸ்த்’ என்றே ஒரு ஊர் இருக்கிறது, பாலம் என்றே பெயர், ஒட்டு எதுவும் இல்லை. ஜெர்மன்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயரும் பாலம்தான். நிலக்கரிக்காகப் பழைய ஊரை மொத்தமாக இடித்தார்கள், ஒரு தேவாலயத்தை மட்டும் 1975இல் தண்டவாளத்தில் ஏற்றி 841 மீட்டர் நகர்த்தி வைத்தார்கள். வரைபடத்தில் அந்தத் தேவாலயத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பக்கத்தில் ஓர் ஏரி இருக்கும். நிலக்கரி தோண்டிய பள்ளத்தில் நீர் நிரப்பிய ஏரி, பழைய ஊர் இருந்தது அந்தப் பக்கம்தான். இந்த மாதிரி இடங்களில் நின்று வேடிக்கை பார்க்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை விட்டால் எனக்கு வேறு வரைபடம் பிடிப்பதில்லை. அதே ‘மோஸ்த்’ தேடலில் அல்ஜீரியாவின் மொஸ்தகனமும் வந்து நிற்கும், அதற்கும் ஸ்லாவியருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கருவி தவறவிடுகிறவை இன்னும் சுவாரசியம். இங்கிலாந்தின் பிரிஸ்டலை எந்த எழுத்தை வைத்துத் தேடுவீர்கள்? பழைய ஆங்கிலத்தில் அது ‘ப்ரிஜ்ஸ்டோ’, பாலத்தடி. அந்த ஊர் வட்டாரப் பேச்சில் சொல்லின் கடைசியில் ஒரு ‘ல்’ ஒட்டிக்கொள்ளும், அது பெயரிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டது. பிரான்ஸின் அமியான் ரோமானியர் காலத்தில் சமரோபிரிவா. சோம் ஆற்றின் பழைய பெயர் சமரா, ‘பிரிவா’ என்றால், ரோமானியருக்கு முன் பிரான்ஸில் பேசிய ‘கால்’ என்ற மொழியில் பாலம். பாரிஸுக்கு வடமேற்கே இருக்கும் போன்துவாஸ் ஓர் அற்புதம்: ரோமானியர் காலத்தில் அதன் பெயர் பிரிவா இசாரே, ஓய்ஸ் ஆற்றுப் பாலம், இன்றைய பெயருக்கும் அதே பொருள்தான். மொழி மாறியது, சொல் மாறியது, பொருள் அசையவில்லை. எழுத்தை மட்டும் பார்க்கும் கருவிக்கு இது எப்படித் தெரியும்?

இதில் ‘பிரிவா’வோடு ‘பிரிகா’வைக் குழப்பிக்கொள்கிறவர்கள் தனி ரகம். ‘பிரிகா’ என்றால் குன்று, குன்றின் மேல் கோட்டை. போர்ச்சுகலின் கொயிம்ப்ரா, கொனிம்பிரிகா என்ற பெயரிலிருந்து வந்தது, அது குன்று வகை. ஓர் எழுத்து மாறினால் ஆற்றிலிருந்து மலைக்குப் போய்விடுகிறோம்.

ஆகவே இரண்டாவது கருவி கட்டாயம் வேண்டும், எனக்கு அது விக்சனரி, தன்னார்வலர்கள் எழுதும் இணைய அகராதி. சொல்மூலம் என்று வரும்போது ஆங்கிலப் பதிப்பைத்தான் திறக்கிறேன். தமிழ்ப் பதிப்பு சொல்லுக்குப் பொருள் பார்க்க நன்றாக உதவும். நான் இதைப் பயன்படுத்தும் முறை இது: முதலில் பாலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் பக்கம், அதில் மொழிபெயர்ப்புப் பட்டியலைத் திறந்தால் மொழி மொழியாகப் பாலம் கொட்டிக் கிடக்கும். ஃபின்னிஷில் சில்தா, ஹங்கேரியனில் ஹீத், பாஸ்கில் சுபி, ஐரிஷில் த்ரோஹிட், துருக்கியில் கோப்ரு, பாரசீகத்தில் புல், அரபியில் ஜிஸ்ர், கன்தரா. இதுதான் தேடுசொல் பட்டியல். ஒவ்வொன்றையும் ஓவர்பாஸில் போட்டு வட்டங்களைப் பார்த்துவிட்டு, சந்தேகமானவற்றைத் திரும்ப விக்சனரியில் சொல்மூலப் பகுதியில் சோதிப்பது. லத்தீன் சொல்லின் பக்கத்தில் ‘வழித்தோன்றல்கள்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது பாருங்கள், ஒரு சொல் எந்தெந்த மொழிக்குப் போய் எப்படித் தேய்ந்தது என்று கிளை கிளையாகக் காட்டும். அது ஒன்றுக்காகவே இந்தத் தளத்துக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

அரபிச் சொல் கன்தரா நல்ல உதாரணம். ஸ்பெயினில் தாகஸ் ஆற்றின் மேல் ரோமானியப் பேரரசன் டிராஜன் காலத்தில், கி.பி. 104க்கும் 106க்கும் இடையில் கட்டிய பாலம் இன்னும் நிற்கிறது. கட்டியவர்கள் லத்தீன் பேசினார்கள், அதற்குப் பிறகு வந்தவர்கள் அரபியில் ‘அல்-கன்தரா’, அதாவது அந்தப் பாலம் என்றார்கள், ஊர் அல்கான்தரா ஆகிவிட்டது. அங்கிருந்து குடும்பப்பெயர். எகிப்தில் சூயஸ் கால்வாய் ஓரத்தில் எல் கன்தரா, அல்ஜீரியாவில் ஒரு எல் கன்தரா. இவற்றை ஓவர்பாஸில் ரோமன் எழுத்தில் தேடினால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல், பாதி நழுவும். அரபி எழுத்திலேயே தேடினால் ஒழுங்காக வரும். பாரசீகத்தின் ‘புல்’லுக்கும் அப்படியே: ஆப்கானிஸ்தானில் புல்-எ-கும்ரி, சர்-எ-புல், அதாவது பாலத்தின் தலை. ஈரானில் தெஸ்ஃபுல், கோட்டைப் பாலம். இதில் ‘பு’ ‘ஃபு’வாகிவிட்டதால் அதைத் தனியாகத்தான் பிடிக்க வேண்டும்.

அயர்லாந்தின் த்ராஹடாவும் எனக்குப் பிடித்த பெயர். ஐரிஷ் வடிவத்தைப் பார்த்தால் ‘ஆற்றுத்துறையில் பாலம்’ என்று வரும். முன்பு இறங்கிக் கடந்த இடம், பின்னால் பாலம் போட்டார்கள், பெயரில் இரண்டுமே தங்கிவிட்டன.

சொல்மூலம் சொல்லும் எந்தச் சேவையையும் எடைபோட நான் மூன்று பெயர்களை வைத்திருக்கிறேன். முதலாவது இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர். பாலம், தண்ணீர், ஆஹா என்று சொல்லும் கருவி தோற்றது. 1086இல் எழுதிய நிலக்கணக்கேட்டில் அந்த ஊர் வெறும் பாலம்தான். அதை வைத்திருந்த வால்ட்டர் என்ற நிலக்கிழாரின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. வால்ட்டரின் பாலம், நாளடைவில் தண்ணீர் ஆகிவிட்டது. இரண்டாவது கேம்பிரிட்ஜ். கேம் ஆற்றின் மேல் பாலம் என்று எல்லாரும் சொல்வார்கள். பழைய ஆவணங்களில் ஆறு கிரான்டா, ஊர் கிரான்டபிரிட்ஜ். ஊர்ப்பெயர் வாயில் உருண்டு உருண்டு கேம்பிரிட்ஜ் ஆன பிறகு, ஊருக்குள் ஓடுகிறதே என்று ஆற்றுக்குக் கேம் என்று பேர் வைத்தார்கள். ஆற்றிலிருந்து ஊர் வரவில்லை, ஊரிலிருந்து ஆறு. மேல் பகுதியை இன்றும் கிரான்டா என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜுக்கு இந்தக் கேள்வியே கிடையாது, 1638இல் அந்தப் பல்கலைக்கழகத்தை நினைத்து வைத்த பெயர், பாலத்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஓவர்பாஸில் அமெரிக்காவைத் தேடும்போது இப்படிக் கப்பலேறி வந்த பெயர்கள் நிறைய மாட்டும், கழித்துத்தான் எண்ண வேண்டும்.

மூன்றாவது, ஜெர்மனியின் ஸார்ப்ரூக்கன். இது கஷ்டமான கேள்வி. பார்த்தால் ‘ஸார் ஆற்றுப் பாலங்கள்’ என்று பச்சையாக எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் பெயர் 999ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இருக்கிறது, அங்கே பழைய பாலம் என்று சொல்லப்படும் பாலம் 16ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதனால் இந்த ‘ப்ரூக்’ பாலமே இல்லை, பாறையைக் குறிக்கும் பழைய சொல் என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. நல்ல சேவை இந்த இடத்தில் இரண்டு பக்கத்தையும் சொல்லும், அல்லது வாயை மூடிக்கொள்ளும். கேட்டதும் பதில் சொல்லும் ஓர் அரட்டைச் செயலியிடம் கேட்டேன், பெயர் வேண்டாம், ஒரு நொடி யோசிக்காமல் “ஸார் ஆற்றின் மேல் இருக்கும் பாலங்களால் வந்த பெயர்” என்று அடித்துச் சொன்னது. எந்தப் பாலம், எப்போது கட்டியது என்று திருப்பிக் கேட்ட பிறகுதான் மன்னிப்புக் கேட்டு வேறு கதையை எடுத்தது. பழைய எழுத்துக்கூட்டலையும் ஆண்டையும் காட்டாமல் தரும் பெயர்விளக்கத்தை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்த அளவுகோலில் விக்சனரி எப்படி? பக்கத்துக்குப் பக்கம் மாறும். சில பக்கங்களில் பழைய வடிவம், ஆண்டு, மேற்கோள், நூல் ஆதாரம் எல்லாம் இருக்கும், சிலவற்றில் ‘குடும்பப்பெயர்’ என்று ஒரே வரியோடு முடிந்துவிடும். தன்னார்வலர்கள் எழுதுவது, அப்படித்தான் இருக்கும். ‘வரலாறு’ என்ற பகுதியைத் திறந்து யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பார்க்க முடிவதால் ஏமாற்றம் குறைவு. வரைபடத்திலும் அதே வசதி உண்டு.

காசு கொடுத்து வாங்கும் குடும்பப்பெயர் அறிக்கைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பாலத்தை ஒட்டிய ஒரு குடும்பப்பெயருக்கு அப்படி ஓர் அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். தங்க நிற ஓரம் போட்ட பக்கம், கேடயச் சின்னம், “உங்கள் முன்னோர் மக்களை இணைத்தவர்கள், தலைமைப் பண்பு மிக்கவர்கள்” என்று நாடி ஜோதிடம் தோற்றுப்போகும் வாசகம். ஓர் ஆவணம் இல்லை, ஆண்டு இல்லை, பழைய வடிவம் இல்லை. பிரிஜெட் என்ற பெண் பெயரைப் பாலத்தின் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அது ஐரிஷ் பிரிகித், புனிதையின் பெயர். பாலத்தில் ஏறவே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. காசுக்குப் பிடித்த கேடு.

குடும்பப்பெயரில் உண்மையான சிக்கல் என்னவென்றால், சொல்லின் பொருள் தெரிந்தாலும் அந்தப் பெயர் அந்த ஆளுக்கு எப்படி வந்தது என்று தெரியாது. இதை இரண்டு கருவியுமே தீர்க்காது, ஓவர்பாஸில் ஆட்களே கிடையாது. பிரெஞ்சின் துப்போன் ‘பாலத்தடிக்காரர்’, அநேகமாகப் பாலத்துப் பக்கத்தில் குடியிருந்தவர். 1802இல் அமெரிக்காவில் வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கிய துப்போன் குடும்பம் பின்னால் நைலான், டெஃப்லான் வரைக்கும் போனது. பாஸ்க் கால்பந்துக் கோல்காப்பாளர் சுபிசரேத்தாவின் பெயரில் இருப்பது பழைய பாலம் இருந்த இடம். ஆனால் மோட்சார்ட்டுக்கு நாடகப்பாட்டு எழுதிய லொரென்ஸோ தா போன்தேவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பாலத்துக்காரர்’ என்று பொருள் சொல்லிவிடலாம், ஆனால் அவர் யூதக் குடும்பத்தில் வேறு பெயரோடு பிறந்தவர். குடும்பம் மதம் மாறியபோது ஞானஸ்நானம் கொடுத்த ஆயரின் பெயரை அவருக்கு வைத்தார்கள். அவருக்கும் எந்தப் பாலத்துக்கும் நேரடி உறவு இல்லை.

துருக்கியின் கோப்ருலு குடும்பம் இன்னும் விசித்திரம். 1656இல் உஸ்மானியப் பேரரசின் முதலமைச்சரான மெஹ்மத் பாஷா அல்பேனியாவில் பிறந்தவர். அனடோலியாவில் கோப்ரு, அதாவது பாலம், என்ற ஊரோடு அவருக்கு ஏற்பட்ட தொடர்பால் கோப்ருலு ஆனார். அவர் வஸீர், அதாவது அமைச்சர், ஆனதால் அந்த ஊருக்கு வஸீர்கோப்ரு என்று பெயர் வந்தது. பாலத்திடமிருந்து ஊர் பெயர் வாங்கியது, ஊரிடமிருந்து ஆள் வாங்கினார், கடைசியில் ஊர் ஆளிடமிருந்து இன்னொரு துண்டை வாங்கிக்கொண்டது. இதையெல்லாம் ஒற்றை வரியில் ‘பாலம் என்று பொருள்’ என்று முடித்தால் எப்படி?

ஜப்பானில் தகஹாஷி, உயர்ந்த பாலம், அந்த நாட்டில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப்பெயர்களில் ஒன்று. ஹாஷிமோதோ பாலத்தின் அடி. இஷிபாஷி கல்பாலம், 1931இல் டயர் நிறுவனம் தொடங்கிய ஷோஜிரோ இஷிபாஷி தன் பெயரைப் பிரித்து முன்பின்னாக மாற்றி ஆங்கிலத்தில் வைத்ததுதான் பிரிட்ஜ்ஸ்டோன். தெருவில் ஓடும் வண்டிகளில் பாதி ஒரு ஜப்பானியக் குடும்பப்பெயரின் மேல் உருண்டுகொண்டிருக்கிறது என்று நினைத்தால் சிரிப்பு வரும். எதிர்ப்பக்கத்தில் பொய்ச் சொந்தங்களும் உண்டு. ஸ்பானிஷின் ஹிதால்கோவில் ஹங்கேரியப் பாலம் தெரிகிற மாதிரி இருக்கும், அது ‘ஏதோ ஒன்றின் மகன்’ என்று பொருள்படும் பெயர். போன்தியஸ் பிலாத்துவின் போன்தியஸ், இத்தாலியின் பழைய சாம்னைட் இனத்தாரின் குலப்பெயர், அவரும் பாலத்துக்காரர் இல்லை.

தமிழுக்கு வருவோம். இங்கே பாலத்தின் பெயரில் பெரிய குடும்பம் சேது. சேதுபதி, சேதுராமன், சேதுமாதவன், சேதுலட்சுமி என்று ஆட்கள். இராமநாதபுரத்துச் சேதுபதிகள் சேதுவைக் காப்பவர்கள் என்ற பொருளில் அந்தப் பட்டத்தைச் சுமந்தார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் நாணயத்தில் ‘சேது’ என்று தமிழில் பொறித்தார்கள். தமிழில் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என்றதும் நினைவுக்கு வரும் ரா.பி. சேதுப்பிள்ளையின் பெயரிலும் அதுவேதான். ஊர் என்று எடுத்தால் சேதுக்கரை. அதற்குப் பக்கத்திலேயே ஒரு பொறி: திருப்புல்லணை. ‘அணை’ என்றால் பாலம் என்றும் பழைய வழக்கு உண்டு, சேதுவையே திருவணை என்பார்கள். அதனால் இதையும் பாலக்கணக்கில் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் தலபுராணம் சொல்வது புல்லால் ஆன படுக்கை, இராமன் தருப்பைப் புல்லில் கிடந்த இடம். சேதுவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் அது பாலம் இல்லை.

ஓவர்பாஸில் தமிழ்ப்பெயர்க் குறிச்சொல்லை மட்டும் தேடச் சொல்லலாம், தமிழ் எழுத்தை ஒழுங்காகப் படிக்கும், இது பெரிய ஆறுதல். ஆனால் ‘பால’ வரைக்கும் கொடுத்தால் பாலாறு, பாலமேடு, பாலகிருஷ்ணன் தெரு என்று வந்து குவியும். ‘பாலம்’ என்று மகர மெய்யோடு கொடுத்து, பெயரின் முடிவில் மட்டும் என்று கட்டுப்படுத்தினால் கோயம்புத்தூர் ஆத்துப்பாலம் போன்றவை வரும். ஊர் வகையில் மட்டும் தேடினால் பல நழுவிவிடும், நம் பக்கம் இந்த மாதிரிப் பெயர்கள் பேருந்து நிறுத்தமாகவும் சந்திப்பாகவும்தான் அதிகம் புழங்குகின்றன. வகையைத் தளர்த்திவிட்டுத் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் மட்டும் பெயர் பதிந்திருக்கும் இடங்களும் இருக்கின்றன, அவற்றில் பாலமும் பாளையமும் பள்ளமும் முதல் எழுத்துகளில் ஒன்றாகவே தெரியும். உள்ளூர் ஆள் ஒருவர் தமிழில் பெயரைச் சேர்த்தால்தான் உண்டு.

சேர்ப்பது கடினமில்லை. இதற்கு மட்டும் ஒரு கணக்கு வேண்டும். ஊர் அல்லது தெருவைத் தேர்ந்தெடுத்துத் தமிழ்ப்பெயர் வரியைச் சேர்க்கலாம், பெயர்க்காரணத்துக்கென்றே ஒரு குறிச்சொல்லும் இருக்கிறது. சேமித்த சில நிமிடங்களில் தரவில் ஏறி ஓவர்பாஸிலும் வரும். கைப்பேசியில் இந்த வேலையெல்லாம் வேண்டாம், ஓவர்பாஸ் டர்போ சின்னத் திரையில் கட்டளைப் பெட்டியும் வரைபடமும் இடித்துக்கொண்டு எரிச்சலூட்டும், கணினியில் செய்யுங்கள். கிடைத்த முடிவை ஜியோஜேசன் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் வேறு வரைபட மென்பொருளிலும் திறக்கலாம். பெயர்க்காரணக் குறிச்சொல்லில் ஊர்க்கதையையும் ஊகத்தையும் போடாதீர்கள், ஆவணம் இருந்தால் மட்டும் போடுங்கள், இல்லையென்றால் வெறுமையாக விடுங்கள்.